படைப்பை நடுவில் வைத்துப் பேசுதல்

ஓர் ஓவியத்தை நடுவில் வைத்து இரண்டு பேர் பேசினால் அது தத்துவம் ஆகிவிடுமா? ஆகும் என்று நம்பி எழுதப்பட்ட நூல் ஒன்றை 2014இல் டியூக் பல்கலைக்கழகம் பதிப்பித்தது. மெக்சிகோவில் பிறந்த கட்டுரையாளர் இலான் ஸ்டாவன்ஸும் கியூபாவில் பிறந்த தத்துவப் பேராசிரியர் ஹோர்ஹே கிராசியாவும் லத்தீனோ கலைஞர்களின் 13 படைப்புகளை எடுத்துக்கொண்டு உரையாடுகிறார்கள். மலேசியாவின் சுங்கை லாலாங்கில் இருந்து படிக்கும்போது இந்த முறை நமக்கு உதவுமா என்பதே என் கேள்வி.

அவர்கள் எடுத்துக்கொண்டவற்றுள் ஆந்த்ரெஸ் செரானோவின் 1987ஆம் ஆண்டுப் புகைப்படமும் உண்டு. சிறுநீரில் அமிழ்த்திய சிலுவை. 1989இல் அமெரிக்க செனட் உறுப்பினர் ஒருவர் அதன் நகலை அவையிலேயே கிழித்தார். 2011இல் பிரான்சில் ஒரு பிரதியை அடித்துச் சிதைத்தார்கள். சிறுநீரைச் சொல்லும் படத்தின் பெயரை மறைத்துவிட்டுப் பார்த்தால் தெரிவது செம்பொன் ஒளியில் மிதக்கும் சிலுவை மட்டுமே. அப்படியானால் அருவருப்பு இருப்பது படத்திலா, நமக்குச் சொல்லப்பட்ட தகவலிலா? கொலைக்கருவியாக இருந்த சிலுவையை மெருகேற்றி மாட்டியதில் அதன் கொடூரம் மறந்துபோனதா? இத்தகைய கேள்விகளுக்கு இடம் தருவதே இந்த முறையின் பலம்.

குறைகள் இரண்டு. பேச்சு இலக்கியம், வரலாறு, அரசியல் என்று விரிய விரியப் படைப்பு வெறும் வாசற்படியாகிவிடுகிறது. அடுத்தது, மேசையில் இருப்பவர்கள் இருவருமே கல்விமான்கள். புண்பட்ட பக்தருக்கு அங்கே நாற்காலி இல்லை. முனியாண்டிக்குச் சுருட்டும் சாராயமும் படைக்கும் தோட்டத்துப் பாட்டிக்குத் தீட்டும் புனிதமும் எங்கே சந்திக்கின்றன என்பது நன்றாகவே தெரியும். அவரை விட்டுவிட்டால் உரையாடலுக்குத்தான் நட்டம்.

நம் வட்டாரத்து வழக்கு 'பேய்ச்சி'. லூனாஸைக் களமாகக் கொண்ட ம. நவீனின் இந்நாவல் 2019இல் வந்தது. 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு அதற்குத் தடை விதித்தது. சர்ச்சை வசைச்சொற்களையே சுற்றிச்சுற்றி வந்தது. தோட்டத்துப் பேச்சை அப்படியே அச்சில் ஏற்றலாமா என்பது நியாயமான கேள்விதான். ஆனால் காக்கும் தாயே கொல்லும் தெய்வமாகவும் இருப்பதைப் பற்றி நாவல் என்ன சொல்கிறது என்று கேட்டவர்கள் குறைவு. நாவல் முழுவதையும் முன்னால் வைத்துப் பேசியிருந்தால் எதிர்ப்பாளர்கள் மனம் மாறியிருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. எதை எதிர்க்கிறோம் என்பதாவது அவர்களுக்குத் தெளிவாகியிருக்கும்.

ஆகவே என் முடிவு இது. ஸ்டாவன்ஸ்–கிராசியா முறை ஏற்கத்தக்கது, இரண்டு நிபந்தனைகளோடு. பேசுகிறவரின் கருத்து தவறாக இருந்தால் படைப்பைக் காட்டி அதைத் திருத்த முடிய வேண்டும்; அந்தப் படைப்பால் காயப்பட்ட ஒருவராவது உடன் அமர வேண்டும். முதலாவது இல்லாவிட்டால் அது வெறும் அரட்டை. இரண்டாவது இல்லாவிட்டால் ஒத்த கருத்துடையவர்களின் தலையாட்டல்.