சத்தம் கேட்டுச்சு, சரி. கேள்வி கேட்டாங்களா?

யூடியூபில் தமிழில் ஒரு தனி வகைமையே உருவாகிவிட்டது. திரைக்கதை ஏறக்குறைய ஒன்றுதான். முதுகுவலிக்காரர் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருவார். "எத்தனை வருஷமா இருக்கு?" "பத்து வருஷமா சார், போகாத எடமில்ல." அடுத்த காட்சியில் குப்புறப் படுத்திருப்பார். பக்கத்தில் மைக். சடக், சடக். முகத்தில் ஒரு திடுக்கிடல், பிறகு சிரிப்பு. கடைசியில் குனிந்து கால் விரலைத் தொட்டுக் காட்டுவார். கீழே ஒரு கைப்பேசி எண் ஓடும்.

இதை மருத்துவம் என்று பார்க்கும் முன்னால் ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம். எடிட்டிங்கில் எது போயிருக்கிறது? நான் பார்த்தவரைக்கும் இரண்டு விஷயங்கள். ஒன்று, கை வைப்பதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். இன்னொன்று, அதற்குப் பிறகு வரும் ஆறு வாரம். மேனுவல் தெரபி தருகிற ஒரு கிளினிக் நல்லதா என்று எடைபோட இந்த இரண்டும்தான் உதவும். வீடியோவில் மிஞ்சியிருக்கும் சத்தம் உதவாது.

சத்தம்

விரலில் சொடக்கு எடுக்கும்போது வருகிற அதே சத்தம்தான் முதுகிலும் வருகிறது. மூட்டுக்குள் வழவழப்பான திரவம் கொஞ்சம் இருக்கிறது. இரண்டு எலும்பு முனைகளைச் சட்டென்று விலக்கினால் உள்ளே அழுத்தம் குறைந்து ஒரு வாயுக் குழி உண்டாகிறது. 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகக் குழு ஒன்று, விரலை எம்.ஆர்.ஐ.க்குள் வைத்து இழுத்து, சத்தம் வரும் கணத்தில் இந்தக் குழி தோன்றுவதைப் படம் பிடித்துக் காட்டியது. குழி தோன்றுவதால் சத்தமா, குமிழி உடைவதால் சத்தமா என்று ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. ஆனால், இடம் மாறிய எலும்பு திரும்பப் போய் உட்காரும் சத்தம் இது என்று அந்தச் சண்டையில் எந்தத் தரப்பும் சொல்லவில்லை.

ஒருமுறை சொடக்கிய மூட்டில் சுமார் இருபது நிமிஷத்துக்கு மறுபடி சத்தம் வராது. வீடியோவில் இதை "இப்ப பாருங்க, சத்தம் வரல, செட் ஆயிடுச்சு" என்று சொல்கிறார்கள். வாயு மீண்டும் திரவத்தில் கரைய நேரம் பிடிக்கிறது, அவ்வளவுதான் விஷயம். ஒரு கோளாறும் இல்லாத மூட்டும் சடக்கென்று சொல்லும்.

கதை

சத்தத்தோடு ஒரு கதையும் தருகிறார்கள். "எலும்பு நகர்ந்திருக்கு, ஜவ்வு விலகியிருக்கு, நரம்பு அமுங்கியிருக்கு, அதான் எல்லாப் பிரச்சினையும்." இந்தக் கதையின் பழைய வேர் அமெரிக்காவில், அயோவா மாநிலத்தின் டாவன்போர்ட்டில் இருக்கிறது. அங்கே காந்த சிகிச்சை செய்துவந்த டேனியல் டேவிட் பாமர், 1895இல், காது மந்தமான ஹார்வி லில்லார்ட் என்பவரின் முதுகில் புடைத்திருந்த எலும்பைத் தள்ளியதும் அவருக்குக் காது கேட்டது என்று சொன்னார். கைரோபிராக்டிக் தன் பிறப்பைச் சொல்லும் கதை இதுதான். கேட்கும் நரம்போ உள்காதிலிருந்து மண்டையோட்டுக்குள்ளேயே மூளைக்குப் போய்விடுகிறது, முதுகுப் பக்கம் வருவதே இல்லை. ஆனாலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நோய்கள் நகர்ந்த முதுகெலும்பால் வருபவை என்று பாமர் எழுதினார்.

நூறு வருஷத்துக்குப் பிறகு அந்தத் தொழிலே இதிலிருந்து விலக ஆரம்பித்தது. பிரிட்டனில் கைரோபிராக்டர்களைப் பதிவுசெய்து கண்காணிக்கும் கவுன்சில் 2010இல், எலும்பு 'நகர்ந்து' நோய் வருகிறது என்பது ஒரு வரலாற்றுக் கருத்து, அதற்கு மருத்துவ ஆய்வு ஆதாரம் இல்லை என்று அறிவித்தது. நம்மூர் வீடியோக்களுக்கு அந்தச் சேதி வந்து சேரவில்லை போல.

ஜவ்வு விஷயத்தையும் பார்த்துவிடலாம். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் ஒரு ஆய்வு வந்தது. இருபது வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு ஜவ்வு பிதுங்கியிருந்தது. எண்பது வயதில் அது 84 சதவீதம். வலி இல்லாதவர்களுக்கே இப்படி என்றால், ரிப்போர்ட்டில் 'பல்ஜ்' என்று ஒரு வார்த்தை இருப்பதாலேயே வலிக்குக் காரணம் கிடைத்துவிட்டதாக எடுத்துக்கொள்ள முடியாது.

கதை தப்பா இருந்தா என்ன, வலி போனா சரி, என்று கேட்கலாம். எனக்கு அதில் ஒரு சிக்கல் தெரிகிறது. உங்க எலும்பு நகரக்கூடியது என்று ஒருவரை நம்பவைத்தால் அவர் குனியப் பயப்படுவார், குழந்தையைத் தூக்கப் பயப்படுவார். பத்து சிட்டிங் முடிந்ததும் "திரும்ப நகர்ந்துட்டா?" என்று மறுபடி வருவார். முதுகுவலி தேற முக்கியமானது பயமில்லாத அசைவு. அதைத்தான் இந்தக் கதை பறிக்கிறது.

கணக்கு

அப்போ மேனுவல் தெரபியே ஏமாற்றா? இல்லை. நாள்பட்ட இடுப்புவலிக்கு முதுகைச் சொடக்கும் சிகிச்சையைப் பற்றி 2011இல் காக்ரேன் தொகுப்பாய்வும், 2019இல் பி.எம்.ஜே. இதழில் இன்னொன்றும் வந்தன. இரண்டும் சொல்வது கிட்டத்தட்ட ஒன்றுதான்: உடற்பயிற்சி போன்ற பரிந்துரைக்கப்படும் மற்ற சிகிச்சைகள் தரும் பலன் அளவுக்கு இதுவும் தருகிறது. அதைவிடக் கூட இல்லை, குறைவும் இல்லை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016இல் தந்த வழிகாட்டுதலும் மேனுவல் தெரபியை அனுமதிக்கிறது, ஆனால் உடற்பயிற்சியோடு சேர்ந்த ஒரு பகுதியாக மட்டும்.

அதாவது கை வலியைக் கொஞ்சம் குறைத்துத் தருகிறது. அந்த இடைவெளியில் நீங்கள் அசைய, நடக்க, பலப்படுத்தக் கற்றுக்கொள்ள வேண்டும். வீடியோவில் வெட்டுப்பட்ட ஆறு வாரம் என்று சொன்னது இதைத்தான். அதைப் படம் பிடித்தால் யார் பார்ப்பார்கள்? ஒருவர் தினமும் வீட்டில் இருபது நிமிஷம் பயிற்சி செய்வதற்கு மைக் வைக்க முடியாது.

கழுத்து

இனி வேடிக்கை இல்லாத பகுதி. மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் கழுத்தெலும்புகளின் துளைகள் வழியாக ஏறி, மேலே முதல் எலும்பைச் சுற்றி வளைந்து மண்டைக்குள் நுழைகின்றன. கழுத்தை வேகமாகத் திருப்பும்போது இழுபடும் இடம் அது. அந்தத் தமனியின் உட்சுவர் கிழிந்தால் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம். அரிதுதான், ஆனால் வந்தவருக்கு அரிது என்பது ஆறுதல் இல்லை.

இங்கே ஒரு ஆய்வை இரண்டு தரப்புமே தப்பாகப் பயன்படுத்துகிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஒன்பது வருஷத்தில் இந்த வகைப் பக்கவாதம் வந்த 818 பேரை ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். பக்கவாதத்துக்கு முன் கைரோபிராக்டரிடம் போயிருந்ததற்கும் அதற்கும் தொடர்பு இருந்தது. சாதாரண டாக்டரிடம் போயிருந்தவர்களிலும் அதே மாதிரித் தொடர்பு இருந்தது. ஆதரவாளர்கள் "பாத்தீங்களா, நாங்க காரணம் இல்ல" என்றார்கள். எதிர்ப்பாளர்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஆய்வாளர்கள் தந்த விளக்கம் வேறு: தமனி ஏற்கெனவே கிழிய ஆரம்பித்ததால் வந்த கழுத்துவலியோடும் தலைவலியோடும்தான் அவர்கள் இரண்டு இடத்துக்கும் போயிருக்கலாம்.

இதை வாசித்து எனக்கு நிம்மதி வரவில்லை, கூடுதல் கவலைதான் வந்தது. உள்ளே வரும் கழுத்துவலிக்காரர்களில் யாரோ ஒருவர் கிழிந்த தமனியோடு வரலாம் என்றால், அவரைக் கண்டுபிடிக்க ஒரே வழி கேள்விதான். இதுவரை வராத மாதிரி தலைவலியா? தலைசுற்றல், இரட்டைப் பார்வை, நாக்குக் குழறல், விழுங்கச் சிரமம், நடையில் தள்ளாட்டம் உண்டா? உண்டு என்றால் கழுத்தைத் தொடக்கூடாது, ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். முடிவெட்டிய பிறகு சலூனில் இலவசமாகக் கழுத்தைச் சொடக்கிவிடும் வழக்கத்துக்கும் இது பொருந்தும். அங்கே கேள்வியே கிடையாது. வேண்டாம் அண்ணே என்று சொல்லிவிடுங்கள்.

போகும்போது

முதலில் யார் என்று கேளுங்கள். பிசியோதெரபிஸ்ட் என்றால் நாலரை வருஷப் பட்டப்படிப்பு படித்தவர், 2021ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்துக்குள் வருபவர். தொக்கணமும் வர்மமும் செய்பவர் பி.எஸ்.எம்.எஸ். முடித்த சித்த மருத்துவராக இருக்கலாம், குரு வழியில் கற்ற ஆசானாக இருக்கலாம், மூன்று நாள் வகுப்புக்குப் போனவராகவும் இருக்கலாம். கைரோபிராக்டருக்கு பிரிட்டனில் இருப்பதுபோலத் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. போர்டில் 'டாக்டர்' என்று இருந்தால், என்ன படித்தார், எங்கே பதிவு என்று கேட்பது மரியாதைக்குறைவு இல்லை.

அடுத்து, அவர் உங்களைக் கேட்கிறாரா என்று பாருங்கள். எலும்பு தேய்மானம் வேறு, எலும்பு மெலிவு வேறு. மெலிவு இருந்தால் அழுத்தத்தில் எலும்பு முறியலாம். நெடுநாள் ஸ்டீராய்டு, ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மாத்திரை, முன்பு வந்த புற்றுநோய், முடக்குவாதம், கர்ப்பம் எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம்ம ஊரில் இன்னொன்றும் உண்டு: முதுகெலும்புக் காசநோய். விடாத முதுகுவலியோடு மாலைக் காய்ச்சலும் எடை குறைவும் இருந்தால் அதை அழுத்திச் சரிசெய்ய முடியாது. கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள். இரண்டு காலும் பலமிழப்பது, சிறுநீர் அடைப்பது, மலத்துவாரத்தைச் சுற்றி மரத்துப்போவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் கிளினிக் வேண்டாம், நேராக அவசரப் பிரிவு.

பிறகு, என்ன செய்யப்போகிறார் என்று முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள். கழுத்தைத் திருகுவது வேண்டாம் என்றால் மென்மையான வழிகள் உண்டு, அதற்காக யாரும் கோபிக்கக் கூடாது. உடை விலக்க வேண்டுமென்றால் காரணம் கேட்கலாம், கூட ஒருவரை வைத்துக்கொள்ளலாம், நடுவில் "நிறுத்துங்க" என்றால் கை நிற்க வேண்டும். மறுநாள் கொஞ்சம் வலிப்பது சகஜம், ஒன்றிரண்டு நாளில் போய்விடும். புதிதாக மரத்துப்போனாலோ பலம் குறைந்தாலோ அது சகஜம் இல்லை.

முதல் நாளிலேயே இருபது சிட்டிங்குக்குப் பணம் கட்டச் சொன்னால், சர்க்கரையும் சைனஸும் குழந்தையின்மையும் இதிலேயே போகும் என்றால், "மாத்திரையை நிறுத்திடுங்க" என்றால், எழுந்து வந்துவிடலாம்.

நல்ல கிளினிக்கின் வீடியோ சலிப்பாகத்தான் இருக்கும். முதல் இருபது நிமிஷம் ஒருவர் கேட்டுக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருப்பார். சில நாள் கடைசியில், "இதுக்கு நான் கை வைக்க மாட்டேன், டாக்டரைப் பாருங்க" என்று அனுப்பிவிடுவார். அந்த வீடியோவுக்கு லைக் விழாது. போகவேண்டிய இடம் அதுதான்.