வீட்டுச் சர்வரில் இடமும் காப்பும்

குடும்பத்தார் அனைவருடைய புகைப்படங்களையும் பாட்டுகளையும் பத்திரங்களின் பிரதிகளையும் ஓரிடத்தில் காக்க வேண்டுமென்ற நோக்கத்தோடு சினாலஜி டிஎஸ்923 பிளஸ் பெட்டியை வாங்குகிறவர், அது எத்தனை டெராபைட் கொள்ளும் என்று விசாரிப்பதற்கு முன்னால், உள்ளிருக்கும் டிஸ்குகளில் ஒன்று பழுதாகும் நாளில் என்ன நேரும் என்று யோசிப்பது அவசியம்.

பெட்டியின் அமைப்பைப் பற்றி விஸ்தாரமாகச் சொல்ல வேண்டியதில்லை. ரைசன் ஆர்1600 பிராசசர், 4 ஜிபி ஈசிசி மெமரி, 3.5 அங்குல டிஸ்கைத் தட்டில் மாட்ட ஸ்குரூ டிரைவர்கூட வேண்டாம். நெட்வொர்க் போர்ட் இரண்டும் 1 ஜிகாபிட்டோடு நிற்பதை மட்டும் குறையென்றே கருதுகிறேன்.

4 டெராபைட் டிஸ்குகள் நான்கைப் பூட்டினால், ஒரு டிஸ்க் பழுதானாலும் தரவைக் காக்கும் ரெய்டு 5 முறையில் ஒரு டிஸ்கின் அளவு பாரிட்டி என்னும் மீட்புக் கணக்குக்குப் போக எஞ்சுவது 12 டெராபைட். பெட்டியோ 1024இன் பெருக்கத்தில் கணக்கிடுவதால் அதை 10.9 என்றே காட்டும். இரண்டு டிஸ்குகள் பழுதானாலும் தாங்கும் ரெய்டு 6 என்றால் எஞ்சுவது 8தான்.

பாட்டு ஓடிக்கொண்டிருக்கையிலேயே ஒரு தட்டை உருவிப் பார்த்தேன். பெட்டி பீப் பீப் என்று கூவிற்று, விளக்கு ஆரஞ்சு நிறத்தில் மினுக்கிற்று. பாட்டோ ஒரு க்ஷணமும் தடைப்படவில்லை. இல்லாத டிஸ்கில் இருந்ததை மற்ற மூன்றும் பாரிட்டியின் துணையால் கணித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தன. 1988இல் பெர்க்லியில் பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரும் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையில் வகுத்துக் காட்டிய அந்த ஏற்பாடு, வீட்டு அலமாரியில் இவ்வளவு அமைதியாக வேலை செய்வதைக் காண்பது உண்மையிலேயே ஆனந்தம்.

ஆயினும் அபாயம் அதற்குப் பின்னர்தான். பழுதானதற்குப் பதிலாகப் போடும் புது டிஸ்கில் நொடிக்கு 150 மெகாபைட் வீதம் எழுதினாலும் 4 டெராபைட்டை நிரப்ப ஏழு மணி நேரத்துக்கு மேலாகும். 16 டெராபைட் டிஸ்காயின் ஒரு முழு நாளையும் தாண்டும். அத்தனை நேரமும், பெரும்பாலும் ஒரே சமயத்தில் வாங்கப்பட்டு ஒரே வயதை எட்டிய மற்ற டிஸ்குகள் ஓய்வின்றிப் படிக்கப்படுகையில், அவற்றிலும் ஒன்று போய்விட்டால் ரெய்டு 5இல் இருந்ததெல்லாம் போயிற்று. தடங்களை ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியவைத்து எழுதும் எஸ்எம்ஆர் வகை டிஸ்குகள் இந்த நீண்ட எழுத்தில் வெகுவாக மந்தமாகிவிடும். தடங்கள் அப்படிப் படியாத சிஎம்ஆர் வகையே வாங்கத் தக்கது. நான்கு இடங்களும் நிரம்பிய பிறகு ரெய்டு 6க்கு மாறுவது சுலபமன்று. ஆகையால் பெரிய டிஸ்குகளைப் போடுகிறவர் முதல் நாளிலேயே ரெய்டு 6ஐத் தேர்ந்துகொள்ள வேண்டுமென்பது என் திடமான அபிப்பிராயம்.

அதுவும் பேக்கப்புக்கு ஈடாகாது. குழந்தை தவறுதலாக அழித்த ஆல்பம் எல்லா டிஸ்குகளிலிருந்தும் ஒருங்கே அழிகிறது. டிஸ்குகளுக்கென்று ஒதுக்கிய பணத்திலேயே ஒரு யுஎஸ்பி டிஸ்கின் விலையைப் பிரித்துவைத்து, சினாலஜியின் ஹைப்பர் பேக்கப் செயலி மூலம் அதில் பிரதியெடுத்து, உறவினர் வீட்டில் கொடுத்துவைக்கலாம்.