உயிரோடிருப்போர்க்கு ஒப்பாரி: ஊவாத் தோட்டப் பாடல்களும் அயர்லாந்தின் பிரிவுக் கவிதையும்

காதலும் பிரிவும் குடும்பமும் தனிமனித உணர்வின்பாற்பட்டவை, கூலியும் வேலைநிறுத்தமுமே சமுதாயத்தின்பாற்பட்டவை எனப் பிரித்து நோக்கும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக நிலவுகின்றது. தூய அழகியல்வாதிகள் மட்டுமன்றி, முற்போக்கு விமர்சகராகிய நாமும் இப்பிரிவினையை ஏற்றே வந்துள்ளோம். பதுளை, பசறை, லுணுகலைத் தோட்டங்களின் பாடல்களைப் பேசுங்கால் கங்காணியை எள்ளும் பாடல்களை முன்னிறுத்தினோம். ஒப்பாரியை விதிவாதத்தின் குரலென ஒதுக்கினோம். இத்தவறு திருத்தப்படவேண்டியது.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் உரியோராக வகுத்தது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டன. இப்பாகப்பிரிவினைக் கோடு பல லயங்களில் ஒரே காம்பராவினூடாகச் சென்றது. தாய்க்கு ஒரு நாடு, மணமான மகளுக்கு வேறொரு நாடு. 1924இல் பதுளையை எட்டிய இருப்புப்பாதை தேயிலையைக் கொழும்புக்கு இறக்கியது. பின்னர் அதைப் பறித்தவர்களைத் தலைமன்னாருக்கு இறக்கியது. அவர்களை ஏற்றிச்சென்ற புகைவண்டிக்கு மலையக மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. எந்தக் கவிஞரும் இதனினும் செறிவான ஒரு சொற்றொடரை அக்காலத்தைப் பற்றி எழுதியதாக நாம் கருதவில்லை.

இங்கு வடிவத்தின் பயன்பாடே மாறிவிட்டமை மனங்கொளத்தக்கது. பிரிவைப் பாட நமக்குப் பாலைத்திணை உண்டு. ஆயின் பாலையிற் பிரிந்தவன் பொருளீட்டி மீள்வான் என்பது அத்திணையின் எதிர்பார்ப்பு. மீட்சியில்லாப் பிரிவுக்குப் பாலை போதவில்லை. எனவே இறந்தோர்க்குரிய ஒப்பாரி உயிரோடிருப்போர்மீது ஏறியது.

அயர்லாந்திலும் இதுவே நிகழ்ந்தது. 1845இல் தொடங்கிய பெரும்பஞ்சத்தின் பின் பெருகிய குடிபெயர்வின்போது, அமெரிக்காவுக்குக் கப்பலேறும் பிள்ளைக்காக முன்னிரவில் இழவுவீட்டுக் கண்விழிப்பு நடத்தினர். அதனை 'அமெரிக்கக் கண்விழிப்பு' என்றே அழைத்தனர். ஒருவரையொருவர் அறியாத இரு மக்கள் ஒரே வடிவத்தை அடைந்தமைக்கு மனித இயல்பின் பொதுமை மட்டும் விளக்கமாகாது. உழைப்பையே ஏற்றுமதிச் சரக்காக்கிய குடியேற்றவாதப் பொருளாதாரம் இரு குடும்பங்களையும் ஒரேவகையிற் பிளந்தது.

அண்மைக்கால ஐரியக் கவிதை இம்மரபை மறக்கவில்லை. ஈவன் போலண்ட் (1944–2020) 1847ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் நடந்தே மாண்ட கணவன் மனைவியைப் பாடி, காதற்கவிதையின் அலங்காரங்களை அதன் முன் நிறுத்தி விசாரிக்கின்றார். படையினராற் சுடப்பட்டிறந்த கணவனுக்காக ஐலீன் டுவ் 1773இல் பாடிய புலம்பலை, கைக்குழந்தைகளுக்குப் பாலூட்டும் நாளாந்த உழைப்பினூடே டோரின் நி கிரீஃபா 2020இல் வெளிவந்த தமது நூலில் மீட்டெடுக்கின்றார். பிள்ளைக்காம்பராவில் சிசுவை விட்டுக் கொழுந்தெடுக்க ஏறிய தாயின் தாலாட்டை அறிந்தோர்க்கு இந்நூல் அந்நியமாகாது.

ஒப்பாரி ஒப்பந்தத்தின் பெயரைச் சொல்வதில்லை, அணிதிரட்டுவதுமில்லை என்ற தடை எழுப்பப்படலாம். உண்மையே. எனினும் 1940இல் பதுளை வேவெஸ்ஸத் தோட்டத்தில் வேலைநிறுத்தஞ் செய்த தொழிலாளர் ஒப்பாரி கேளாத வீடுகளிலிருந்தா வந்தனர்?

சி. வி. வேலுப்பிள்ளை 'மலைநாட்டு மக்கள் பாடல்க'ளைத் தொகுத்திராவிடின் இவ்வளவும் நமக்குக் கிட்டியிராது. ஆயினும் இலங்கையில் மட்டும் தேடும் தொகுப்பு ஒருபக்கக் குரலையே தரும். கோச்சியில் ஏறியவர்கள் பாடியவை கூடலூரிலும் கோத்தகிரியிலும் உள்ளன.