பிரேக் பிடிக்கிற சுகம்

வீட்டில் சொல்லியாகிவிட்டது. ஆபீஸில் சொல்லியாகிவிட்டது. பிரிக்ஃபீல்ட்ஸ் வாழை இலைக் கடையில் பக்கத்து மேசையில் ரசத்துக்குக் காத்திருந்தவரிடமும் சொல்லியாகிவிட்டது. இன்னும் ஆசை அடங்கவில்லை. என் பழைய மைவிக்குப் புது டிஸ்க், புது பேட், புது பிரேக் ஆயில் போட்டிருக்கிறேன். "இதுக்கா இந்தக் கூத்து?" என்றாள் தங்கை. சாவியைக் கையில் கொடுத்து, தாமானை ஒரு சுற்று சுற்றிவிட்டு வரச் சொன்னேன். வந்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அண்ணா, என் காடிக்கும் இந்தச் சாமான் கிடைக்குமா?"

மைவியைப் பற்றி மலேசியாவில் யாருக்கும் அறிமுகம் வேண்டாம். 2005-இல் பெரோடுவா இறக்கிய நாளிலிருந்து நெடுஞ்சாலையில் அதன் அட்டகாசத்தைப் பற்றி நாம் அடிக்காத கிண்டல் இல்லை. என்னுடையது முதல் தலைமுறை. எடை ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு. முன் சக்கரத்தில் காற்றோட்ட டிஸ்க், பின்னால் டிரம். இந்தச் சின்ன வண்டிக்கு ரிம் மாற்றுவார்கள், எக்ஸாஸ்ட் மாற்றுவார்கள், பூட் கதவைத் திறந்தால் உள்ளே ஆளுயர ஸ்பீக்கர் இருக்கும். பேட் மாற்றும்போது மட்டும் "எது மலிவோ அதைப் போடு பாஸ்" என்பார்கள். ஓடுவதற்கு ஆயிரக்கணக்கில் வெள்ளியை இறைப்பவர்கள் நிற்பதற்கு நூறு வெள்ளி எடுக்க யோசிப்பது எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம்.

சரி, என்னதான் மாறியது? கால் வைத்த இடத்திலேயே பிடி கிடைக்கிறது. முன்பெல்லாம் பெடல் கொஞ்சம் உள்ளே போய், யோசித்து, பிறகுதான் வண்டி கேட்கும். இப்போது விரல் நுனியால் அழுத்தினால் அதற்கேற்ற பிடி, பாதத்தால் அழுத்தினால் அதற்கேற்ற பிடி. மாலை ஐந்தரைக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில் கிள்ளானை நோக்கிப் போகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். சுபாங் தாண்டியதும் ஊர்கிறது, திடீரென்று எண்பதில் பறக்கிறது, அடுத்த நிமிடம் முன்னால் சிவப்பு விளக்குகள் வரிசையாக எரிகின்றன. இடப்பக்கம் துறைமுகத்துக்குப் போகிற கொள்கலன் லாரி, மேலே கொட்டுகிற மழை. அந்த நேரத்தில் பெடல் மேல் கால் வைத்ததும், எவ்வளவு தூரத்தில் நிற்கப்போகிறோம் என்பது உள்ளங்காலிலேயே தெரிந்துவிடுகிறது. அந்த நிம்மதிக்கு என்ன விலை வேண்டுமானாலும் கொடுக்கலாம். நல்ல வேளை, விலை அவ்வளவு இல்லை.

ஆனால் உண்மையான பரீட்சை கெந்திங் இறக்கம்தான். மலை உச்சி ஏறத்தாழ 1,800 மீட்டர். அங்கிருந்து ஆயிரம் கிலோ எடையுள்ள வண்டி ஆயிரம் மீட்டர் கீழே இறங்கினால், வெளியேற வேண்டிய ஆற்றல் சுமார் 98 லட்சம் ஜூல். 30 டிகிரியில் இருக்கிற 33 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். இஞ்சினும் காற்றும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். கியரை இறக்காமல் டி-யிலேயே போட்டுக்கொண்டு வருகிறவருக்கு மிச்சத்தில் பெரும்பகுதி முன்சக்கரத்து இரண்டு இரும்புத் தட்டுகளின் தலையில்தான். வழியெங்கும் தாழ்ந்த கியரைப் பயன்படுத்தச் சொல்லிப் பலகை வைத்திருப்பது இதற்காகத்தான். 2013 ஆகஸ்ட் 21 அன்று அந்த இறக்கத்தில் ஒரு பஸ் பள்ளத்தில் பாய்ந்து 37 பேர் இறந்ததை நாம் யாரும் மறந்திருக்க முடியாது. என் மைவி இப்போது இரண்டாம் கியரில், வளைவுக்கு முன் ஓர் அழுத்து, பிறகு விடு என்று இறங்குகிறது. முதல் வளைவில் இருந்த பிடி கடைசி வளைவிலும் அப்படியே இருக்கிறது. கோத்தோங் ஜெயாவில் நிறுத்தி இறங்கியபோது என் வண்டியில் கருகல் வாடை இல்லை. பக்கத்தில் நின்ற வண்டியிலிருந்து வந்தது.

இறக்கமும் பேடும் அந்தக் காலத்திலிருந்தே சொந்தக்காரர்கள். 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் என்ற அம்மையார், கணவர் கார்ல் பென்ஸுக்குச் சொல்லாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை மோட்டார் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். இறக்கங்களில் மரக்கட்டை பிரேக் தேய்ந்துபோயிற்று. வழியில் செருப்புத் தைப்பவர் ஒருவரைப் பிடித்துக் கட்டை மேல் தோலை அறைந்து தரச் சொன்னார். உலகத்தின் முதல் பிரேக் லைனிங் அதுதான் என்பார்கள். கம்பெனி கொடுத்தது போதவில்லை என்று வெளியே வாங்கிப் போட்ட முதல் ஆள் ஒரு பெண்மணி என்பதில் எனக்குத் தனி சந்தோஷம். டிஸ்க் பிரேக்குக்கு 1902-இலேயே இங்கிலாந்தில் லான்செஸ்டர் என்ற பொறியாளர் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனாலும் 1953-இல் லெ மான் பந்தயத்தை ஜாகுவார் டன்லப் டிஸ்க்குகளோடு ஜெயித்த பிறகுதான் மற்றவர்களுக்கு ஞானம் பிறந்தது.

நான் பேட் வாங்கப் போனது கிள்ளான் ஜாலான் மேரு பக்கம் ஓர் உதிரிபாகக் கடைக்கு. உள்ளே நுழைந்தால் தரையிலிருந்து கூரை வரை அட்டைப் பெட்டிகள். ஜப்பானின் அகெபோனோ, இங்கிலாந்தில் பிறந்த ஃபெரோடோ, இத்தாலியின் பிரெம்போ, பெண்டிக்ஸ், பந்தயப் பிரியர்களுக்கு எண்ட்லெஸ், பிராஜெக்ட் மியூ. சென்னைக்காரர்கள் பெருமைப்பட ஒன்று சொல்ல வேண்டும்: இந்தத் தொழிலில் அவர்கள் ஊர்ப் பாடி வட்டாரத்துக்குப் பெரிய இடம் உண்டு. பிரேக்ஸ் இந்தியா 1962-இலும் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 1974-இலும் தொடங்கியவை.

கடைக்காரர் எடுத்து நீட்டிய முதல் பேடைத் திருப்பி அதன் விளிம்பைப் பார்த்தேன். அங்கேதான் ஜாதகம் இருக்கிறது. நீளமான எண் வரிசையின் கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்து. முதலாவது சாதாரணச் சூட்டில் எவ்வளவு உராய்வு, இரண்டாவது நன்றாகச் சூடேறிய பிறகு எவ்வளவு. ஈ என்றால் 0.25-இலிருந்து 0.35 வரை, எஃப் என்றால் 0.35-இலிருந்து 0.45 வரை, ஜி என்றால் 0.45-இலிருந்து 0.55 வரை. எஃப்-க்குப் பிறகு ஈ வந்தால் சூட்டில் பிடி தளர்கிறது என்று பொருள். கெந்திங் போகிறவன் அதைத் தொடவே கூடாது. நான் தேடியது எஃப்எஃப். ஜிஜி என்றால் இன்னும் நல்லதல்லவா என்று கேட்பார்கள். சின்ன வண்டிக்கு, நனைந்த சாலையில், தொட்டதும் கவ்விப் பிடிக்கிற பேட் எனக்கு வேண்டாம். இந்த எழுத்தையே முழுசாக நம்பவும் வேண்டாம். சின்னத் துண்டு ஒன்றை ஆய்வுக்கூடத்தில் தேய்த்துப் பார்த்துக் கொடுக்கிற மதிப்பு அது. இரண்டு எஃப்எஃப் பேடுகள் காலுக்கு வேறு வேறு மாதிரி இருக்கும்.

இன்னொரு முத்திரை உண்டு. வட்டத்துக்குள் ஈ என்ற எழுத்தும் ஓர் எண்ணும், பக்கத்தில் 90ஆர் என்றும் இருந்தால், அந்தப் பேட் ஐ.நா.வின் விதி 90-இன்படி தேறியது. கம்பெனிப் பேடின் பிடிக்கும் இதன் பிடிக்கும் வித்தியாசம் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அந்த விதி. பெரிய பேர் போட்ட போலிப் பெட்டிகள் சந்தையில் புழங்குகிற காலத்தில், பெட்டியின் பளபளப்பைவிட பேடின் விளிம்பைப் பார்க்கிறவன் பிழைப்பான். எழுத்தே இல்லாத மொட்டைப் பேடா, வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

எந்த ரகம்? ஆர்கானிக் மெத்தென்று இருக்கும், சத்தம் போடாது, ஊருக்குள் ஓட்டுவதற்குப் போதும். மலையில் நீண்ட நேரம் மிதித்தால் மூச்சு வாங்கும். செமி மெட்டாலிக் இரும்பு நார் கலந்தது. சூட்டைத் தாங்கும், ரிம்மையெல்லாம் கருந்தூளாக்கும், காலையில் முதல் பிரேக்குக்குக் கொஞ்சம் கீச்சிடும். செராமிக் தூள் குறைவு, பிடி சீரானது, விலை கூடுதல். நான் செராமிக் எடுத்தேன். வெள்ளை ரிம் வைத்திருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதையே எடுங்கள். செப்பாங்கில் ஓட்டுகிற நண்பன் ஒருவன் தன் பந்தயப் பேடை எனக்கு விற்கப் பார்த்தான். நேர்கோட்டின் முடிவில் முதல் வளைவுக்காகப் போட்டு மிதிக்கிற இடத்தில் அது தங்கம். சூடேறினால்தான் அதற்கு உயிர் வரும். காலை ஏழு மணிக்கு பிரிக்ஃபீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனில் பூக்கடை முன்னால் குறுக்கே ஓடுகிற பையனுக்காக மிதிக்கும்போது அது குளிர்ந்து கிடக்கும்.

இனி டிஸ்க். இங்கேதான் நண்பர்களோடு சண்டை. துளை போட்டது, கோடு போட்டது, இரண்டும் போட்டது எல்லாம் சுவரில் மாட்டியிருந்தன. பார்க்க அழகு, மறுக்கவில்லை. அந்தக் காலத்துப் பேடுகள் சூட்டில் வாயு கக்கின. அது வெளியேற வழி வேண்டும் என்று பந்தயக்காரர்கள் துளையிட்டார்கள். இன்றைய பேடுகள் அவ்வளவு கக்குவதில்லை. துளையிட்ட இடத்தில் இரும்பு போய்விடுகிறது, சூட்டை வாங்கிக்கொள்ளும் எடை குறைகிறது. திரும்பத் திரும்பச் சூடேறி ஆறும்போது விரிசல் அந்தத் துளையோரத்தில்தான் தொடங்கும். கோடு போட்டது பரவாயில்லை, மழைநீரையும் தூளையும் வழித்துவிடும், ஆனால் பேடைக் கொஞ்சம் கூடுதலாகத் தின்னும். நான் வாங்கியது வெறும் தட்டையான, கார்பன் அதிகம் சேர்த்த வார்ப்பிரும்பு. நடுப்பகுதிக்குத் துருப்பிடிக்காத பூச்சு. கடற்காற்று வீசுகிற கிள்ளானில் அந்தப் பூச்சுக்காகவே பத்து வெள்ளி அதிகம் கொடுக்கலாம். தட்டையான அந்தச் சாம்பல் நிற இரும்பை நான் ரசித்த ரசிப்பைப் பார்த்துக் கடைக்காரரே சிரித்துவிட்டார்.

ஹாஃப் கட் கடைகளில் ஜப்பானிலிருந்து வெட்டி வந்த வண்டிகளின் பெரிய பிரேக் கிடைக்கும், நாலு பிஸ்டன் கேலிப்பரோடு. ஆசைதான். என் 14 அங்குல ரிம்முக்குள் அது நுழையாது, முன்னும் பின்னும் பிடிக்கிற விகிதமும் கெட்டுப்போகும். அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிட்டேன்.

பொருளை விடப் பொருத்துகிற கை முக்கியம் என்பதை ஒரு பட்டறையில் நின்று பார்த்தால்தான் தெரியும். எங்கள் போமென் அண்ணன் பழைய டிஸ்க்கைக் கழற்றியதும் புதியதை எடுக்கவில்லை. ஹப் முகத்தில் படிந்திருந்த துருவைக் கம்பித் தூரிகையால் பளபளவென்று தேய்த்தார். "தம்பி, இங்க ஒரு பொடி இருந்தாலும் டிஸ்க் ஆடும். நீ ஸ்டியரிங் ஆடுதுன்னு வந்து என்னைத்தான் திட்டுவ." பழைய டிஸ்க்கின் ஓரத்தில் பொறித்திருந்த குறைந்தபட்சத் தடிமனைக் காட்டி, மைக்ரோமீட்டரால் அளந்தார். அதற்குக் கீழே போயிருந்தது, ஸ்கிம் பண்ணுகிற பேச்சுக்கே இடமில்லை. பிறகு கேலிப்பர் பின்களை உருவித் துடைத்து, ரப்பரைக் கெடுக்காத சிலிக்கான் கிரீஸ் தடவி, இரண்டு விரலால் தள்ளிப் பார்த்தார். வெண்ணெயில் கத்தி போல் உள்ளே போனது. புது டிஸ்க்கின் எண்ணெய்ப் பூச்சைக் கழுவினார். நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் அடித்துவிடாமல், டார்க் ரெஞ்சால் எதிரெதிராக இறுக்கினார். பார்த்துக்கொண்டே நின்றேன், தே தாரே ஆறிப்போனது.

பிரேக் ஆயிலை மாற்றியே ஆக வேண்டும் என்று அண்ணன் பிடிவாதம் பிடித்தார். நியாயம்தான். அது காற்றிலிருக்கிற ஈரத்தைக் குடிக்கிற பொருள், நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்க வேண்டும். ஈரம் ஏறினால் அந்தத் தர அளவே 155-க்கு வந்துவிடுகிறது. கொதித்தால் ஆவி, ஆவி அமுங்கும், பெடல் தரைக்குப் போகும். எவ்வளவு உயர்ந்த பேட் போட்டாலும் இது பழசாக இருந்தால் அத்தனையும் வீண். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

புதுப் பேடையும் டிஸ்க்கையும் பழக்குவது எனக்கு மிகப் பிடித்த வேலை. ஞாயிறு விடியற்காலை, ஷா ஆலாம் தொழிற்பேட்டைப் பக்கம், லாரிகள் இல்லாத சாலை. அறுபதிலிருந்து பத்துக்கு இறக்கு, முழுசாக நிற்காதே, மறுபடி அறுபது. பத்து முறை போல. பிசின் சூடேறுகிற ஒரு காட்டமான வாடை வரும், பயப்பட வேண்டாம். பேடின் மெல்லிய படலம் ஒன்று டிஸ்க் முழுக்கச் சமமாக ஒட்டுகிறது, அதுதான் பிடியின் ரகசியம். சூட்டோடு நிறுத்தி காலை அழுத்தியபடி இருந்தால் ஓரிடத்தில் மட்டும் திட்டாக ஒட்டிக்கொள்ளும். ஸ்டியரிங் ஆடுகிறது, டிஸ்க் கோணிவிட்டது என்று நாம் புலம்புவதில் பாதிக்கு மேல் இந்தத் திட்டுகள்தான் என்பது என் கணக்கு. கடைசியாக பிரேக்கைத் தொடாமல் ஒரு நீண்ட ஓட்டம், காற்றில் ஆறட்டும்.

எதை முதலில் மாற்றுவது என்று கேட்பவர்களுக்கு: கையில் காசு கொஞ்சம்தான் என்றால் ஆயிலும் பேடும். இன்னும் இருந்தால் டிஸ்க். அதற்கும் மேல் இருந்தால் நல்ல டயர், ஏனென்றால் சாலையைப் பிடிப்பது கடைசியில் அதுதான். கேலிப்பருக்குச் சிவப்புப் பெயிண்ட் அடிக்கிறவர்களை நான் ஒன்றும் சொல்லமாட்டேன். எங்கள் தாமானில் ஒருவர் மஞ்சள் அடித்திருக்கிறார், பின் டிரம்முக்கும் சேர்த்து.

தங்கையின் காடிக்குப் பெட்டி வாங்கி வைத்தாயிற்று. எஃப்எஃப், வட்டத்துக்குள் ஈ, எல்லாம் சரிபார்த்துவிட்டேன். சனிக்கிழமை அண்ணன் நேரம் கொடுத்திருக்கிறார். பணத்தை மட்டும் அவள் இன்னும் கொடுக்கவில்லை.