குடிப்பாடல்களில் வினைமுதலும் தெளிவும்

குடியைப் பற்றிய தமிழ்ப் பாடல்கள் பெரும்பாலும் அறநோக்கிலோ இசைநோக்கிலோ மதிப்பிடப்பட்டு வந்துள்ளன. அவற்றின் தொடரமைப்பும் மதிப்பீட்டிற்கு உரியதே. குடியடிமை என்பது குடித்தல், தெளிதல், வருந்துதல், மீண்டும் குடித்தல் எனச் சுழல்வது. இச்சுழற்சியில் எந்தக் கட்டத்தில் நிற்பவனுக்குப் பாடல் பேச்சுரிமை தருகிறது என்பதே இக்கட்டுரையின் வினா.

1. வழக்குமொழி தரும் வாய்ப்புகள்

‘நான் குடித்தேன்’ என்பதில் குடித்தவனே எழுவாய். ‘எனக்குப் போதை ஏறியது’ என்பதில் போதை எழுவாயாகிறது. குடித்தவன் நான்காம் வேற்றுமை ஏற்று, நிகழ்வுக்கு இடமாக மட்டுமே நிற்கிறான். ‘குடித்துவிட்டேன்’ இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. வினைமுதல் தன்மையே எனினும், ‘விடு’ என்னும் துணைவினை வினைமுடிவைக் காட்டுவதோடு, சூழலுக்கேற்பத் தன் கருத்தின்றி நிகழ்ந்தது என்ற குறிப்பையும் தரும். செயலை ஏற்கவும் அதினின்று நழுவவும் மொழி ஒருங்கே வழிவைத்துள்ளது. எனவே பாடலாசிரியரின் தேர்வு பொருளற்றதன்று.

2. குறளின் நோக்கு

புறநானூற்று 235ஆம் பாடலில் கள், அதியமானின் கொடைக்கும் நட்பிற்கும் அளவுகோல்; அங்கு அடிமை நிலை பேசப்படவில்லை. திருக்குறளின் 93ஆம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமையில்தான் அது ஆய்பொருளாகிறது. இவ்வதிகாரத்தில் குடிப்பவன் படர்க்கையிலேயே வைக்கப்படுகிறான். 928ஆம் குறளில் அவன் கூற்று ஒருமுறை தன்மையில் வருகிறது; அதுவும் தான் குடித்தறியாதவன் என்னும் பொய்யே.

ஆயினும் 930ஆம் குறள் நுட்பமானது. பரிமேலழகர் உரைப்படி, அங்குச் சுட்டப்படுபவன் குடிப்பழக்கம் உடையவன். குடியாது தெளிந்திருக்கும் பொழுதில், குடித்துக் களித்த பிறனைக் காண்கிறான். கண்டும் தன் சோர்வை எண்ணான் போலும் என ஐயுறுகிறது குறள். இரு குடிப்புகளுக்கு இடையிலுள்ள தெளிவே சுழற்சியை முறிக்கத்தக்க இடம் என்பது இதனாற் பெறப்படும்.

3. தேவதாஸ்

சரத்சந்திரரின் 1917ஆம் ஆண்டுப் புதினம், வேதாந்தம் இராகவையா இயக்கத்தில் 1953இல் தெலுங்கிலும் தமிழிலும் படமாயிற்று. நாகேஸ்வரராவ் நடிக்க, இருமொழியிலும் கண்டசாலா பாடினார். செகந்திராபாத்தின் லாலாகுடாவைப் போல இருமொழியும் புழங்கும் ரயில்வேக் குடியிருப்புகளில் வாழ்வோர்க்கு இவ்விரு வடிவங்களையும் ஒப்பிட்டுக் கேட்பது எளிது. உலகம் மாயை எனக் கூறும் புகழ்பெற்ற பாடலின் பல்லவி இருமொழியிலும் ஒரே அமைப்பினது: ஏகாரம் பெற்ற எழுவாய், பெயர்ப் பயனிலை. முற்றுவினை இல்லை; ஆகவே காலமும் இல்லை, வினைமுதலும் இல்லை.

இங்குக் குடிப்பவனே பாடுகிறான். அறநூல் தராத குரலை இப்பாடல் அவனுக்குத் தந்தது. அதுவே கேட்போரின் பரிவிற்குக் காரணம். ஆனால் அவன் செய்தது எதுவும் அக்குரலில் செயலாக நிற்கவில்லை. சரணம் எங்குச் சென்றாலும் பாடல் காலமற்ற பல்லவிக்கே மீள்கிறது. இசை மரபிற்கு இயல்பான இம்மீட்சி, இங்குச் சுழற்சியை விதியாக ஒலிக்கச் செய்கிறது. தெளிவு என்னும் கட்டம் விடுபடுகிறது. பின்வந்த காதல் தோல்விப் பாடல்கள் பல இவ்விடுபாட்டையே மரபாகக் கொண்டன.

4. எதிர்ப்புப் பாடல்

தமிழ்நாட்டில் மதுச் சில்லறை விற்பனையை டாஸ்மாக் நிறுவனம் 2003இல் முழுமையாக ஏற்றது. மக்கள் கலை இலக்கியக் கழகப் பாடகர் கோவன் அதனை எதிர்த்துப் பாடியமைக்காக 2015 அக்டோபரில் தேசத்துரோகச் சட்டப் பிரிவின்கீழ்க் கைதானார். அப்பாடலின் உயிர் ‘மூடு’ என்னும் ஏவல். மாயைக்கு மாற்றாக அரசே வினைமுதலாகச் சுட்டப்படுகிறது. இது தேவதாஸ் மரபிற்கு நேரிய மறுப்பு. எனினும் குடிப்பவன் மீண்டும் படர்க்கைக்கே செல்கிறான்.

5. முடிவுரை

குறள் தெளிவைக் கண்டது, குரல் தரவில்லை. திரைப்பாடல் குரல் தந்தது, தெளிவை விட்டது. எதிர்ப்புப் பாடல் விற்பவனைக் காட்டியது, குடிப்பவனிடம் பேசவில்லை. 1935இல் அமெரிக்காவில் தோன்றிய ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ கூட்டங்களில் குடிநோயாளி தெளிந்த நிலையில், தன்மையில், இறந்தகால வினைமுற்றுகளால் தன் கதையைக் கூறுகிறார். ‘நான் குடித்தேன்’ என்ற எளிய தொடரே அங்கு மீட்சியின் தொடக்கம். தமிழ்ப் பாடலில் இத்தொடர்க்கு இன்னும் உரிய இடம் அமையவில்லை. குடிப்பாடலை இனி மதிப்பிடுவோர், அது குடியைப் புகழ்கிறதா பழிக்கிறதா என்பதோடு நில்லாது, தெளிந்தவனைப் பேசவிடுகிறதா என்பதையும் வினவுதல் வேண்டும்.