எண் உரைப்பதும் கண் காண்பதும்

விளையாட்டுத்தானே என்று பெரியோர் புறக்கணித்த பொருள்களுள் கணினி விளையாட்டும் ஒன்று. அந்நிலை இன்று மாறிவிட்டது. 2019ஆம் ஆண்டின் இறுதியில் பிலிப்பீன்ஸ் நாட்டில் நிகழ்ந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளில் மின்விளையாட்டு பதக்கத்திற்குரிய பிரிவாக இடம்பெற்றது. 2023 ஜூன் திங்களில் ஒலிம்பிக் மின்விளையாட்டு வாரம் சிங்கப்பூரிலேயே நடைபெற்றது. ஆதலின், பிள்ளைகள் 'விளையாட்டு மானிட்டர்' வேண்டும் என்று கேட்கும்போது அதனை வெறும் ஆசை என்று தள்ளிவிடுவதற்கில்லை. மேலும், பல இல்லங்களில் பகலில் பாடத்திற்கும் இரவில் விளையாட்டிற்கும் பயன்படுவது ஒரே திரைதான். ஒருமுறை வாங்கினால் பல்லாண்டு உடனிருக்கும் பொருள் அது. தவறித் தெரிந்தெடுத்தால், அத்தவற்றை நாள்தோறும் பார்த்துக்கொண்டே இருக்க நேரும்.

வாங்கச் செல்வோர் கடையில் முதலில் காண்பது திரையையன்று. பெட்டியின் மேல் அச்சிட்ட உரையையே. 'டி.என்.', 'வி.ஏ.', 'ஐ.பி.எஸ்.', 'ஓ.எல்.இ.டி.' என்னும் எழுத்துகள்; அவற்றின் கீழ் '1 மில்லி விநாடி', '178 பாகை', '3000:1', '240 ஹெர்ட்ஸ்' என்னும் எண்கள். எண் பொய் சொல்லாது என்பது பொது நம்பிக்கை. இவ்வெண்களும் பெரும்பாலும் பொய்யல்ல. ஆயின் ஒவ்வொன்றும் தன் அடைமொழியை இழந்து நிற்கின்றது. எந்நிலையில் அளந்தது, எதனை அளக்காமல் விட்டது என்பது பெட்டியில் இராது. விடுபட்ட அந்த அடைமொழியைச் சேர்த்துப் படித்தால், ஒவ்வொரு திரையின் தகுதியும் குறையும் விளங்கும்.

படிகத்தின் மூன்று நிலைகள்

மேற்கூறிய நான்கனுள் முதல் மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மூன்றிலும் ஒளி பின்னாலுள்ள விளக்கிலிருந்தே வருகின்றது. அதனை விடுவதும் தடுப்பதும் திரவப் படிகத்தின் வேலை. திரவப் படிகம் என்பது நீர்போல் ஒழுகும் இயல்பும், படிகம்போல் மூலக்கூறுகள் ஒழுங்காக நிற்கும் இயல்பும் ஒருங்கே உடைய பொருள். 1888இல் ஆஸ்திரிய நாட்டுத் தாவரவியலறிஞர் பிரீட்ரிக் ரைனிட்சர் இதனை முதன்முதல் கண்டார். எண்பது ஆண்டுகளுக்கு மேல் சென்ற பின்னரே, 1970இல், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் மார்ட்டின் ஷாட், வொல்ப்காங் ஹெல்பிரிக் என்னும் இருவர் டி.என். முறையை வகுத்தனர்.

அம்முறையில், இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே மூலக்கூறுகள் சுழற்படிபோல் முறுகி நிற்கும். அம்முறுக்கைப் பின்பற்றி ஒளியும் திரும்பி வெளியேறும். மின்னழுத்தம் கொடுத்தால் மூலக்கூறுகள் நிமிர்ந்து முறுக்கு அவிழும், ஒளி தடைப்படும். இது விரைவான முறை, செய்தற்கும் எளிது. ஆனால் சாய்ந்து நிற்கும் மூலக்கூறு மேலிருந்து பார்ப்பவர்க்கு ஒரு தோற்றமும் கீழிருந்து பார்ப்பவர்க்கு வேறொரு தோற்றமும் தரும். அதனால், டி.என். திரையில் தலையைச் சற்றுத் தாழ்த்தினாலும் நிறம் மாறுகின்றது.

இக்குறையை நீக்கவே மற்ற இரண்டும் 1990களில் விற்பனைக்கு வந்தன. ஹிட்டாச்சி நிறுவனம் 1996இல் வெளிக்கொணர்ந்த ஐ.பி.எஸ். முறையில், மூலக்கூறுகள் கண்ணாடிக்கு இணையாகப் படுத்தவாறே பக்கவாட்டில் திரும்பும். எப்பக்கமிருந்து நோக்கினும் தோற்றம் பெரிதும் மாறாமைக்குக் காரணம் அதுவே. ஆனால் இருளில் ஒளி முற்றும் அடைபடுவதில்லை; கருப்பு சற்றே சாம்பலாகத் தெரியும். ஃபுஜிட்சு நிறுவனம் வளர்த்த வி.ஏ. முறையில், மின்னழுத்தமில்லாதபோது மூலக்கூறுகள் கண்ணாடிக்குச் செங்குத்தாக நின்று ஒளியை நன்கு அடைக்கும். கருமை ஆழ்ந்து தோன்றும். ஆயின் அந்நிலையிலிருந்து சற்றே சாய்வதற்கு மூலக்கூறுகள் காலம் எடுக்கும். கருப்பு கரும்பழுப்பாக மாறவேண்டிய இடங்களில் உருவத்தின் பின்னே ஓர் இருண்ட வால் இழுபடும்.

ஆக, ஒவ்வொன்றின் குணமும் குறையும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை. குணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு குறையை விட்டுவிட இயலாது. விளம்பரம் மறைப்பது இவ்வுண்மையைத்தான்.

நான்கு எண்களும் அவற்றின் அடைமொழிகளும்

முதலாவது, '1 மில்லி விநாடி'. ஒரு படப்புள்ளி ஒரு சாம்பல் நிறத்திலிருந்து மற்றொன்றிற்கு மாற எடுக்கும் காலம் இது என்பர். ஆனால் சாம்பல் நிறங்கள் பல, மாற்றங்களும் பல. அவற்றுள் மிக விரைந்த ஒன்றையே பெட்டி பெரும்பாலும் பேசுகின்றது. அதுவும் படிகத்தை மிகையாக உந்தும் அமைப்பில் அளந்ததாக இருக்கலாம். அவ்வாறு உந்தினால் நிறம் இலக்கைத் தாண்டிச் சென்று மீளும். ஓடும் உருவத்தின் பின்னே வெளிறிய நிழல் தோன்றும். கடையில் வாங்கிய வேகத்தை வீட்டில் எவரும் பயன்படுத்தார்; அந்நிழலைக் காணப் பொறாமல் அமைப்பைத் தணித்துவிடுவர். இன்னொரு தந்திரமும் உண்டு. பின்னொளியை விட்டுவிட்டு மின்னச் செய்து, உருவம் கண்ணுக்குத் தெரியும் காலத்தை மட்டும் அளந்து, அதனையும் '1 மில்லி விநாடி' என்றே அச்சிடுவர். இரண்டும் வேறு வேறு பொருள், எண் ஒன்றே. மேலும், மின்னும் பின்னொளி திரையின் ஒளியைக் குறைத்துவிடும்.

இரண்டாவது, '178 பாகை'. ஐ.பி.எஸ்., வி.ஏ. ஆகிய இரண்டன் பெட்டியிலும் இவ்வெண்ணைக் காணலாம். இரண்டும் சமம் என்று படிப்பவர் முடிவு செய்வர். ஆனால் இக்கோணம், வெண்மைக்கும் கருமைக்கும் உள்ள வேறுபாடு 10:1 என்னும் அளவிற்கு வீழும்வரை கணக்கிடப்படுவது வழக்கம். நேரே 1000:1 ஆக இருந்தது நூறில் ஒரு பங்காகக் குறைந்த பின்னும் 'தெரிகின்றது' என்றே கணக்கு. நிறம் பிறழ்ந்ததா என்பதை அவ்வளவை கேட்பதில்லை. வி.ஏ. திரையைச் சற்றுப் பக்கத்திலிருந்து பார்த்தால் இருண்ட வண்ணங்கள் வெளிறும்; ஐ.பி.எஸ். அவ்வளவு வெளிறாது. ஒரே எண் இருவேறு காட்சிகளை மூடி நிற்கின்றது.

மூன்றாவது, '3000:1'. மூன்றனுள் ஓரளவு நம்பத்தக்க எண் இதுவே. டி.என்., ஐ.பி.எஸ். திரைகள் பொதுவாக 1000:1 என்னும் அளவில் நிற்க, வி.ஏ. 3000:1 அல்லது அதற்கு மேலும் செல்லும். வெண்மை 300 நிட் ஒளியுடன் இருக்குமாயின், முன்னவற்றில் கருமை 0.3 நிட், பின்னதில் 0.1 நிட். விளக்கணைத்த அறையில் இவ்வேறுபாட்டைக் கண் உடனே காணும். விளக்கெரியும் கூடத்தில் பெரும்பாலும் காணாது. ஆனால் 'பல இலட்சத்திற்கு ஒன்று' என்று அச்சிட்டிருப்பின், அது வேறு கணக்கு. முழுத்திரையின் பின்னொளியையே தாழ்த்தி ஒரு சமயத்தில் கருமையையும், உயர்த்தி மறுசமயத்தில் வெண்மையையும் அளந்து வகுத்த எண் அது. ஒரே காட்சியில் இரண்டும் சேர்ந்து வாரா.

நான்காவது, '240 ஹெர்ட்ஸ்'. ஒரு விநாடியில் திரை எத்தனை முறை புதுப்பிக்கப்படும் என்பது இதன் பொருள். ஓர் உருவம் விநாடிக்கு 960 படப்புள்ளி வேகத்தில் ஓடுவதாகக் கொள்க. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு படமும் 16.7 மில்லி விநாடி அசையாது நிற்கும். கண்ணோ உருவத்தைத் தொடர்ந்து நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால் ஏறத்தாழ 16 படப்புள்ளி அகலத்திற்கு விளிம்பு மங்கும். 240 ஹெர்ட்ஸில் அம்மங்கல் 4 படப்புள்ளியாகக் குறையும். படிகம் எவ்வளவு விரைந்து மாறினும் இம்மங்கல் நீங்காது என்பது கருதத்தக்கது. எனினும், விளையாட்டும் கணினியும் விநாடிக்கு 240 படங்களைத் தந்தால்தான் இப்பயன் முழுதும் கிட்டும்.

தானே ஒளிரும் திரை

நான்காம் வகையாகிய ஓ.எல்.இ.டி. வேறு குலம். அதற்குப் பின்னொளி இல்லை. ஒவ்வொரு படப்புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணையும். 1987இல் கோடாக் நிறுவனத்தைச் சேர்ந்த சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழிகோலியது. 2022இல் டெல் நிறுவனம் ஏலியன்வேர் என்னும் பெயரில் 34 அங்குலத் திரையை வெளியிட்ட பின்னர், விளையாட்டு மானிட்டர்களில் இம்முறை விரைந்து பரவியது. கருமை உண்மையிலேயே இருள். மாற்றம் நொடிப்பொழுதினும் மிகச் சிறிது. பக்கப் பார்வையும் நன்று. அங்ஙனமாயின் வழக்கு முடிந்தது, மற்ற மூன்றும் பழங்கதை என்பர் சிலர்.

அக்கூற்று ஆராய்ச்சிக்கு நில்லாது. முதலாவதாக, திரை முழுதும் வெண்மையாக விளங்கவேண்டிய இடத்தில் இத்திரை தன் ஒளியைத் தானே குறைத்துக்கொள்ளும். இரண்டாவதாக, ஒரே உருவம் நெடுநேரம் ஓரிடத்தில் நிலைத்து நின்றால், அவ்விடத்துப் புள்ளிகள் விரைவில் தேய்ந்து, உருவம் தழும்பாகப் பதியும் அச்சம் உண்டு. பதிவுக்கும் சேர்த்து மூன்றாண்டு உறுதி அளிக்கப்பட்டதே அவ்வச்சம் வீணன்று என்பதற்குச் சான்று. மூன்றாவதாக, செம்மை, பசுமை, நீலம் ஆகிய நுண்புள்ளிகள் பலவற்றில் வழக்கமான வரிசையில் அமையாமையால், எழுத்தின் விளிம்பில் நிறச்சாயல் தோன்றும். இரவெல்லாம் விளையாடுபவர்க்கு இது பொருட்டன்று. பகலெல்லாம் கட்டுரை திருத்தும் ஆசிரியர்க்குப் பெரும் பொருட்டு.

பழையது இறந்துவிட்டது என்பதும் உண்மையன்று. 2023இல் ஏசஸ் நிறுவனம் 540 ஹெர்ட்ஸ் வேகத்தில் வெளியிட்ட போட்டித் திரை, யாவரும் கைவிட்டதாகக் கருதிய டி.என். முறையின் திருத்திய வடிவமே. வேகம் ஒன்றனையே வேண்டி மற்றவற்றை விட்டுக்கொடுப்பார்க்கு அதுவும் ஏற்றதாயிற்று.

விளையாட்டே உரைகல்

எந்தத் திரை சிறந்தது என்று பொதுவாக வினவினால் விடை இல்லை. எந்த விளையாட்டிற்கு, எந்த அறையில், வேறு எந்த வேலையோடு என்று வினவினால் விடை உண்டு. 2019 போட்டியில் இடம்பெற்ற விளையாட்டுகளையே எடுத்துக்கொள்ளலாம். அவற்றுள் ஒன்றாகிய டெக்கன் 7 என்னும் சண்டை விளையாட்டு விநாடிக்கு 60 படங்களில் ஓடுவது. அதற்கென 360 ஹெர்ட்ஸ் திரைக்குப் பொருள் செலவிடுவது, சிறுவாய்க்காலைக் கடக்கக் கப்பல் வாங்குவதை ஒக்கும். மற்றொன்றாகிய டோட்டா 2இல், திரையின் மூலையிலே சிறு நிலப்படம் ஒன்று ஆட்டம் முழுதும் அசையாது நிற்கும். நாள்தோறும் பல மணி நேரம் அதனையே ஆடுவார், ஓ.எல்.இ.டி. வாங்குமுன் தழும்பைப் பற்றி இருமுறை எண்ணவேண்டும், நல்ல ஐ.பி.எஸ். அவர்க்கு அமைதி தரும்.

கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2 போன்ற சுடும் விளையாட்டில் கணப்பொழுதே வெற்றி தோல்வியைத் தீர்க்கும். அங்கே ஹெர்ட்ஸ் முன்னிற்கும். இருளில் வால் இழுக்கும் வி.ஏ. பின்னிற்கும். இருள் மண்டிய மாளிகையில் தனியே நடக்கும் கதை விளையாட்டை விளக்கணைத்து ஆடுவார்க்கு நிலை மறுதலை. சாம்பல் படிந்த கருமை அச்சத்தையே கெடுத்துவிடும், அங்கே வி.ஏ.யும் ஓ.எல்.இ.டி.யும் ஏற்றம் பெறும். பாடமும் விளையாட்டும் ஒரே திரையில், வெளிச்சமுள்ள கூடத்தில் நிகழும் வீட்டிற்கோ, 144 ஹெர்ட்ஸ் அளவிலுள்ள ஐ.பி.எஸ். பெரும்பாலும் போதும். அதன் கருமை சிறிது வெளிறுவதை அக்கூடத்து விளக்கே மறைத்துவிடும்.

அளவுகளைச் செம்மை செய்யும் முயற்சியும் நடைபெறாமலில்லை. வெசா என்னும் தர அமைப்பு 2022இல், ஓடும் உருவத்தின் தெளிவை அளக்கத் தனியொரு முறையை வகுத்தது. அதே ஆண்டில், தொழிற்சாலை அமைப்பிலேயே திரைகளைச் சோதிக்கும் விதிகளையும் வெளியிட்டது. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும், அவ்வமைப்பே 2017இல் வெளியிட்ட ஒளிவீச்சுத் தரத்தின் கீழ்ப்படி, 400 நிட் உச்ச ஒளியைக் கேட்டதேயன்றி, இருளிடங்களில் மட்டும் பின்னொளியைத் தணிக்கும் வசதியைக் கட்டாயமாக்கவில்லை. முத்திரையைக் கண்டு பேரொளிக் காட்சியை எதிர்பார்த்தவர் ஏமாந்ததற்கு அதுவே காரணம். முத்திரைக்கும் அடைமொழி வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

ஒரு செய்யுளின் ஒரு சீரை மட்டும் பிரித்தெடுத்துப் பொருள் கூறுவாரைத் தமிழாசிரியர் ஒப்புவதில்லை. முன்னும் பின்னும் நோக்குக என்றே மாணவர்க்குக் கற்பிப்பர். கடைப்பெட்டியின் எண்ணையும் அங்ஙனமே படித்தல் வேண்டும். பெற்றோரும் பிள்ளையும் கடைக்குச் செல்லுமுன், 'எந்தக் குணம் வேண்டும்?' என்று மட்டும் வினவாது, 'எந்தக் குறையோடு வாழ முடியும்?' என்றும் வினவிக்கொள்வார்களாயின், செலவிட்ட பணத்திற்கு ஏற்ற திரை அவர்கள் வீட்டிற்கு வந்து சேரும்.