தொடக்கத்தில் எவ்வளவு இருந்தது?

‘ஓர் எலும்புத் துண்டில் கார்பன்-14இன் விகிதம், உயிருள்ள பொருளில் இருப்பதில் கால் பங்காக உள்ளது. கார்பன்-14இன் அரை ஆயுட்காலம் 5,730 ஆண்டுகள். எலும்பின் வயது என்ன?’

இயற்பியல் படித்தவர்கள் பலரும் இந்தக் கணக்கைச் செய்திருப்பார்கள். கால் பங்கு என்றால் இரண்டு அரை ஆயுட்காலம்; விடை 11,460 ஆண்டுகள். ஆசிரியர் முழு மதிப்பெண் போட்டுவிடுவார். நானும் பல ஆண்டுகளாகப் போட்டு வருகிறேன்.

ஆனால் அத்தகைய எலும்பை உண்மையிலேயே ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினால், அதன் வயது ஏறத்தாழ 13,000 ஆண்டுகள் என்று பதில் வரும். நடுவில் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் எங்கே போயின?

நம் பாடநூல்கள் மீது எனக்குள்ள குறை இதுதான். சிதைவு விதியை அவை நன்றாகவே விளக்குகின்றன. வெப்பமோ ஈரமோ அழுத்தமோ அணுக்கருவின் சிதைவு வேகத்தை மாற்றுவதில்லை என்பதையும் சொல்கின்றன. ஆனால் கடிகாரம் சரியாக ஓடினால் மட்டும் போதுமா? எந்த மணியில் அதை ஓடவிட்டார்கள் என்பதும் தெரிய வேண்டுமல்லவா?

ஒருமுறை வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, “சார், அந்த மாடு செத்தபோது எலும்பில் எவ்வளவு இருந்தது என்று யார் அளந்து வைத்தார்கள்?” என்றான். வகுப்பு சிரித்தது. இத்துறையின் வரலாற்றில் ஒரு பெரும்பகுதி அந்தக் கேள்விக்கான விடைதான்.

விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களால் வளிமண்டலத்தில் நியூட்ரான்கள் தோன்றுகின்றன. அவை நைட்ரஜன் அணுக்களைத் தாக்கிக் கார்பன்-14ஐ உண்டாக்குகின்றன. காற்றிலிருந்து தாவரத்துக்கும், தாவரத்திலிருந்து விலங்குக்கும் அது போய்ச் சேருகிறது. உயிர் போனதும் வரவு நின்றுவிடுகிறது. செலவு மட்டும் தொடர்கிறது. இம்முறையைக் கண்டு 1960இல் நோபல் பரிசு பெற்ற வில்லார்ட் லிபி, காற்றில் கார்பன்-14இன் விகிதம் எக்காலத்திலும் ஒன்றாகவே இருந்தது என்று வைத்துக்கொண்டார். வேறு வழியும் அப்போது இல்லை. 1949இல் அவரும் ஜேம்ஸ் ஆர்னால்டும், வயது தெரிந்த பொருள்களை வைத்துத் தம் முறையைச் சோதித்தனர். எகிப்திய மன்னன் ஜோசரின் கல்லறையில் கிடைத்த மரம் வரலாற்றுக் கணக்குப்படி சுமார் 4,650 ஆண்டுப் பழமையானது. அளவீட்டில் வந்ததோ 3,979; பிழை எல்லை கூட்டியோ குறைத்தோ 350. பொருந்தியதாகவே எடுத்துக்கொண்டார்கள். இன்று பார்க்கும்போது, அந்த இடைவெளியிலேயே சிக்கல் தலைகாட்டியிருப்பது தெரிகிறது.

1958இல் நெதர்லாந்தின் ஹெஸ்ஸல் டி விரிஸ், காற்றிலிருந்த விகிதம் காலத்துக்குக் காலம் மாறியிருப்பதைக் காட்டினார். பூமியின் காந்தப் புலம் வலுவிழந்தால் காஸ்மிக் கதிர்கள் கூடுதலாக நுழையும். சூரியனின் சீற்றமும் கடலின் கொடுக்கல் வாங்கலும் கணக்கை மாற்றும். இதைத் திருத்த உதவியது மரம். ஆண்டுக்கு ஒன்றாக வளரும் வளையங்களை எண்ணினால் வளையத்தின் உண்மை வயது தெரியும். அதிலுள்ள கார்பன்-14ஐ அளந்தால் அந்த ஆண்டின் தொடக்க அளவும் தெரிந்துவிடும். மர வளையங்கள், ஏரிப் படிவுகள், குகைப் படிவுகள், பவளப் பாறைகள் ஆகியவற்றைக் கொண்டு 2020இல் வெளியிட்ட திருத்த வரைகோடு 55,000 ஆண்டுகள் வரை பின்னோக்கிச் செல்கிறது. (ஆய்வகங்கள் இன்றும் லிபியின் பழைய 5,568 ஆண்டு அரை ஆயுட்காலத்தையே வைத்து முதல் கணக்கைப் போடுகின்றன, அந்தப் பிழையையும் இந்த வரைகோடே சரிசெய்துவிடும். 5,730 என்று மனப்பாடம் செய்யும் மாணவனுக்கு இதை யாரும் சொல்வதில்லை.)

இது ஏதோ எகிப்துக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த ஒரு மாதிரியின் காலம் கி.மு. 580 என்று 2019இல் தமிழகத் தொல்லியல் துறை அறிவித்தது. சோதனை நடந்தது அமெரிக்காவின் ஃபுளோரிடாவில். அந்த ஒற்றை எண்ணே மேடைகளிலும் செய்திகளிலும் நிலைத்துவிட்டது. ஆனால் ஏறத்தாழ கி.மு. 800 முதல் 400 வரை திருத்த வரைகோடு மேடு பள்ளமின்றிச் சமவெளிபோலக் கிடக்கிறது. அக்காலத்தில் காற்றில் கார்பன்-14இன் விகிதம் குறைந்துகொண்டே வந்தது. முன்னே இறந்தது அதிகத்துடன் தொடங்கி அதிகம் இழந்தது. பின்னே இறந்தது குறைவுடன் தொடங்கிக் குறைவாக இழந்தது. இன்று இரண்டிலும் மிஞ்சியிருப்பது கிட்டத்தட்ட ஒரே அளவு! ஆகவே அந்த நூற்றாண்டுகளைச் சேர்ந்த ஒரு தனி மாதிரியைக் கொண்டு ஆண்டைத் துல்லியமாகக் குறிக்க முடியாது. இதனால் கீழடியின் பழமை குறைந்துவிடாது. 580க்கு முன்னும் இருக்கலாம், பின்னும் இருக்கலாம். மண்ணடுக்கின் வரிசையும், மேலும் கீழும் கிடைத்த மற்ற மாதிரிகளும் சேர்ந்துதான் அந்த எல்லையைச் சுருக்கும். இதைச் சொல்லாமல் ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டால், நாளை இன்னோர் ஆய்வகம் வேறோர் எண்ணைத் தரும்போது, ‘விஞ்ஞானிகள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்’ என்று பேசத் தொடங்கிவிடுவோம்.

பாடநூலில் நான் கேட்பது அரைப் பக்கம்தான். அந்தக் கணக்கை நீக்க வேண்டாம். அதன் அருகே திருத்த வரைகோட்டின் படத்தை அச்சிட்டு, விடையை இன்ன ஆண்டிலிருந்து இன்ன ஆண்டுக்குள் என்று எழுதச் சொன்னால் போதும்.

அந்த மாணவனுக்கு மர வளையங்களைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. பருவத் தேர்வில் அதே கணக்கு வந்தது. அவனும் 11,460 என்றுதான் எழுதியிருந்தான்; பக்கத்தில் மட்டும் சிறிய எழுத்தில், ‘பாடநூலின்படி’.